கேலி முறை

ஜெரே நல்லவன் என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். நல்லவன்தான், யார் இல்லை என்றார்கள்? கெட்டவனாக இருந்திருந்தால் பானா காப்யா முதல் வாரமே அவன் சட்டையைப் பிடித்து உலுக்கியிருப்பாள், அவள் வேலையும் பிழைத்திருக்கும்.

செம்புச் சுரங்க ஊரான கிட்வேயில் சுரங்கங்களுக்குச் சாமான் கொடுக்கும் கம்பெனி எங்களுடையது. பேரிங், பெல்ட், கையுறை, இரும்பு முனை வைத்த பூட்ஸ் என்று எதுவும் கிடைக்கும். கிடங்குக்கு வரும் சரக்கைக் கணக்கில் ஏற்றுவது பானா காப்யா, அதாவது காப்யாவின் அம்மா; எங்கள் பக்கம் பிள்ளை பெயரை வைத்துத்தான் அம்மாவைக் கூப்பிடுவோம். வெளியே போகும் சரக்குக்குச் சீட்டு அடிப்பது நான், நமுகோலோ. இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்து மேசை. வாய் கொஞ்சம் நீளம் என்பதால் தொழிற்சங்கப் பிரதிநிதியாகவும் என்னையே பிடித்துப் போட்டிருந்தார்கள். ஜெரே கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறவன். எங்கள் எல்லோரையும் மேய்ப்பவர் சியாமே, கிடங்கு மேலாளர்.

பானா காப்யா பெம்பா இனம், ஜெரே ங்கோனி இனம். இந்த இரண்டு கூட்டத்துக்கும் கேலி முறை. பூட்டன் காலத்தில் ஈட்டியால் குத்திக்கொண்டவர்கள், குத்தி அலுத்துப்போய், இனிமேல் வாயால் மட்டும் குத்திக்கொள்வோம் என்று முடிவு செய்தார்களாம். அதிலிருந்து இவள் அவனை என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், அவனும் இவளைச் சொல்லலாம். ரோஷப்பட்டால் அது பெரிய அவமானம். சாவு வீட்டில்கூட முறைக்காரன் வந்து பிணத்தைக் கிண்டல் பண்ணுவான், அழுகிறவர்கள் சிரித்துவிடுவார்கள், பிறகு அவனே குழி வெட்டப் போவான். நான் லோசி இனம், எங்களுக்கு டோங்கா இனத்தார் அப்படி.

காலையில் ஜெரே உள்ளே நுழையும்போதே ஆரம்பித்துவிடும்.

"வாடா எலி தின்னி. இன்னிக்கு எத்தனை எலி? வறுத்ததா, அவிச்சதா?"

"உனக்கு ஒண்ணு எடுத்து வச்சிருக்கேன்டி குரங்கு தின்னி. உங்க தாத்தாவைத் தின்னு தின்னு உனக்கு நாக்கு செத்துப்போயிருக்கும்."

கிடங்கு முழுக்கச் சிரிக்கும். எனக்கும் அது பிடிக்கும், பொய் சொல்வானேன். அந்தத் தகரக் கூரைக்குக் கீழே அக்டோபர் மாத உச்ச வெயிலில் வேறு என்ன இருந்தது எங்களுக்கு?

அந்த வருஷம்தான் பழைய டெர்மினல்களைத் தூக்கிப் போட்டார்கள். கறுப்புத் திரை, பச்சை எழுத்து, செங்கல் கனத்தில் ஒரு கீபோர்ட். பானா காப்யாவின் விரலுக்கும் அந்தக் கீபோர்டுக்கும் கல்யாணமே ஆகியிருந்தது. அவள் திரையைப் பார்க்கவே மாட்டாள். கண் சரக்குச் சீட்டில் இருக்கும், விரல் தானாக ஓடும். நான் இரண்டு விரலால் கோழி கொத்துவது மாதிரி கொத்துகிறவள், ஒவ்வொரு எழுத்துக்கும் திரையை நிமிர்ந்து பார்க்கிறவள். அவளைப் பார்த்தாலே எனக்குப் பொறாமையாக இருக்கும்.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது புரியாது. சரக்கு வரவுத் திரையில் எண்ணிக்கைக் கட்டத்துக்குள் நாங்கள் ஆர்டர் கொடுத்த எண் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும். வந்தது குறைச்சலாக இருந்தால் அதன் மேலேயே புது எண்ணை அடிக்க வேண்டும். பழைய கீபோர்டில், எல்லாரும் என்டர் என்று நினைக்கும் இடத்தில் 'ஃபீல்ட் எக்ஸிட்' என்று ஒரு விசை. அதைத் தட்டினால் கட்டத்தில் மிச்சம் நிற்கும் பழைய எண்ணைத் துடைத்துவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போகும். நூற்று நாற்பத்து நான்கு ஜோடி பூட்ஸ் கேட்டோம், முப்பத்தாறுதான் வந்தது என்று வையுங்கள். 144 மேல் 36 அடித்து அந்த விசையைத் தட்டினால் 36. துடைக்காமல் வெறுமனே அடுத்த கட்டத்துக்குத் தாண்டினால், கடைசி நாலு அப்படியே நின்று 364 ஆகிவிடும்.

புதுக் கம்ப்யூட்டர்கள் வந்தன. கணக்கையெல்லாம் உள்ளே வைத்திருக்கும் பெரிய மெஷின் பழையதேதான். புதுக் கம்ப்யூட்டருக்குள் ஒரு சாஃப்ட்வேர் உட்கார்ந்து பழைய டெர்மினல் மாதிரி வேஷம் போடும். எந்த விசை என்ன செய்ய வேண்டும், எந்த எழுத்து என்ன நிறத்தில் தெரிய வேண்டும் என்பதை அதற்கு நாம் சொல்லித்தர வேண்டும். சொல்லித்தரும் பக்கத்துக்கு ஜெரே பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டியிருந்தான். அவன் தன் மேசையில் ஒரு தடவை மாற்றினால் எல்லார் மேசையிலும் மாறும். அந்தப் பெரிய விசையை அவன் அடுத்த கட்டத்துக்குத் தாண்டும் விசையாக விட்டுவிட்டான். துடைக்கும் வேலை எங்கோ மூலையில், எண் பலகைப் பக்கத்து ஒரு சின்ன விசைக்குப் போய்விட்டது.

நிறம் சியாமேயின் உபயம். "இந்தப் பச்சை வேணாம்பா ஜெரே. சுரங்கத்துக்குள்ள உக்காந்த மாதிரி இருக்கு. வெள்ளைக் காகிதத்துல கறுப்பு எழுத்து மாதிரி வை. வர்றவங்க பார்த்தா ஆபீஸ்னு தெரியணும்" என்றார். ஜெரே பின்னணியை வெள்ளையாக்கினான், பச்சை எழுத்தைக் கறுப்பாக்கினான். ஆனால் மெஷின் எச்சரிக்கை கொடுக்கும் வரிகள் எப்போதும் பளிச்சென்று வெள்ளையில்தான் வரும். அதை அவன் தொடவில்லை. வெள்ளைக்கு மேல் வெள்ளை எழுதினால் எந்தக் கண்ணுக்குத் தெரியும்? 'ஆர்டரைவிட வரவு அதிகம், சரிபார்க்கவும்' என்று மெஷின் பாவம் கத்திக்கொண்டே இருந்திருக்கிறது. எங்களுக்குத் தெரிந்தது வெறும் வெள்ளை.

பானா காப்யாவுக்கு முதல் வாரமே ஏதோ இடறியது. தற்செயலாக நிமிர்ந்து பார்த்திருக்கிறாள், ஒரு கட்டத்தில் பழைய எண்ணின் மிச்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. ஜெரே அந்தப் பக்கம் வந்தபோது கூப்பிட்டாள்.

"டேய் எலி தின்னி! எலிக்கறி தின்னு மூளை மங்கிப்போச்சா உனக்கு? என் கீபோர்டைக் கெடுத்து வச்சிருக்கே. பழைய எண்ணு போகாம நிக்குது பாரு."

"குரங்கு விரலுக்கு எந்தக் கீபோர்டும் சேராதுடி. மரக்கிளை ஒண்ணு வாங்கித் தரேன், அதுல தட்டு."

"மாத்தித் தொலைடா."

"மாத்தறேன் மாத்தறேன். முதல்ல நீ வாலைச் சுருட்டி வச்சுட்டு நாற்காலியில ஒழுங்கா உக்காரு."

சிரிப்பு. அவளும் சிரித்தாள், வேலைக்குத் திரும்பினாள். மறுபடி சொன்னாள், மறுபடி சிரிப்பு. ஒரு நாள் அவன் மேசைக்கே போய் நின்று, "திரையில கீழ் வரியெல்லாம் காணோம், உன் எலிங்க கடிச்சுட்டுப் போயிடுச்சா?" என்று கேட்டாள். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ஐந்து நிமிஷ வேலை அது. பாஸ்வேர்டைப் போட்டு, கீபோர்ட் பக்கத்தைத் திறந்து, ஒரு விசையை மாற்றி, ஒரு நிறத்தை மாற்றி மூட வேண்டும். அவ்வளவுதான். நானோ வேறு யாரோ முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு சொல்லியிருந்தால் அன்றே செய்திருப்பான். முறைக்காரி சொன்னதால் காதில் ஏறவில்லை. அவளுக்கும் அவனிடம் வேறு மாதிரி பேச வாய் வராது. பிறந்ததிலிருந்து ங்கோனிக்காரனைக் கண்டால் அவள் வாயில் வருவது அந்தப் பேச்சுதான்.

அப்புறம் அவள் தானே சமாளித்துக்கொண்டாள். ஞாபகம் இருக்கும்போது நிமிர்ந்து பார்ப்பாள், மிச்சம் நின்றால் அழிப்பாள். லாரி மேல் லாரியாக வந்து நிற்கும் நாளில் யாருக்கு ஞாபகம் இருக்கும்? விரல் பழைய பழக்கத்தில் ஓடும்.

ஒரு சுரங்கத்திலிருந்து முந்நூறு ஜோடி பூட்ஸ் கேட்டார்கள். கணக்கில் முந்நூற்று அறுபத்து நான்கு இருந்ததால் சியாமே நெஞ்சை நிமிர்த்தி ஒப்புக்கொண்டார். அவர்கள் லாரி வந்து வாசலில் நின்றது. அலமாரியில் முப்பத்தாறு ஜோடி. லாரிக்காரன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். அடுத்த வாரமே அந்தச் சுரங்கம் எங்களை விட்டு வேறு கம்பெனிக்குப் போய்விட்டது.

பூட்ஸ் என்றால் கிட்வேயில் எல்லாருக்கும் வாயூறும். சிசோகோனே சந்தையில் கொண்டுபோய் வைத்தால் மத்தியானத்துக்குள் தீர்ந்துவிடும். மிச்ச ஜோடிகளை அவள்தான் திருடி விற்றுவிட்டாள் என்று கம்பெனிக் காவல்காரர்கள் நேரே பானா காப்யா வீட்டுக்குப் போனார்கள். பக்கத்து வீட்டுப் பெண்கள் பார்த்துக்கொண்டிருக்கக் கட்டிலைப் புரட்டினார்கள், மாவு டிரம்முக்குள் கையை விட்டார்கள். அவள் மகள் காப்யாவின் பள்ளிக்கூடப் பையைக்கூடக் கவிழ்த்தார்கள். ஒரு செருப்பும் கிடைக்கவில்லை. பிறகுதான் யாரோ புத்திசாலி சரக்குச் சீட்டை எடுத்துப் பார்த்தான். வந்ததே முப்பத்தாறுதான். தேடிப் பார்த்ததில் இன்னும் சில சாமான்களிலும் அதே கதை. திருட்டுப் பழி போனது, கம்பெனிக்குள் மட்டும். தெருவில் போகுமா? அவள் குழாயடிக்குப் போனால் பேச்சு நின்றுவிடும்.

திருட்டு இல்லை என்றதும் குற்றச்சாட்டை மாற்றினார்கள். கடும் கவனக்குறைவு. விசாரணை, நிரூபணமானால் வேலை நீக்கம். அவள் புருஷன் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகின்றன. அந்த ஒரு வேலையில்தான் வீடு, மகள் படிப்பு, ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் தங்கை பிள்ளைகள் எல்லாம் ஓடியது.

"பயப்படாதே. விரல் பிசகா மெஷின் பிசகான்னுதானே கேள்வி? மெஷின் முன்னாடியே கூட்டிட்டுப் போய்க் காட்டுவோம். 144 மேல 36 அடி, எல்லாரும் கண்ணால பார்க்கட்டும்" என்றேன். எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

விசாரணை அன்று காலை என் கம்ப்யூட்டரைப் போட்டதும் திரை கறுப்பாக வந்தது. பச்சை எழுத்து, பழையபடி. அப்பாடா, கண்ணுக்குக் குளிர்ச்சி என்று நினைத்தேனே தவிர, மரமண்டைக்கு வேறு எதுவும் உறைக்கவில்லை.

அறையில் சியாமே, ண்டோலா தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருந்த பணியாளர் நிர்வாகத்து அம்மாள், ஜெரே, நாங்கள் இருவர். மின்விசிறி ஓடவில்லை.

"கீபோர்ட் சரியில்லைன்னு நீங்க சொன்னதா எழுதிக் குடுத்திருக்கீங்க. சொன்னீங்களா?" என்று அம்மாள் கேட்டாள்.

"சொன்னேங்க மேடம். பல தடவை சொன்னேன். ஜெரேகிட்ட."

அம்மாள் ஜெரேயைப் பார்த்தாள். அவன் எழுந்து நின்றான். நெற்றியில் வியர்வை.

"சொன்னாங்க மேடம். இல்லேன்னு சொல்லல. எலிக்கறி தின்னு எனக்கு மூளை மங்கிப்போச்சு, அதான் கீபோர்டைக் கெடுத்துட்டேன்னு சொன்னாங்க. அதே வாயால, நான் செத்தா என் பிணத்தைத் தூக்கிப் பூனைக்குப் போடுவேன்னும் சொன்னாங்க. நாங்க கேலி முறை மேடம். இதுல எதை நான் புகாரா எடுத்துக்கறது?"

சியாமேயால் அடக்க முடியவில்லை. குப்பென்று சிரித்துவிட்டார். அம்மாளும் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த நேரத்தில் பானா காப்யாவின் வாய், பாழாய்ப்போன வாய், தானாகத் திறந்தது.

"பூனைகூடத் தொடாதுங்க மேடம்."

அறையே அதிர்ந்தது. ஜெரே சிரித்தான். பானா காப்யாவும் சிரித்தாள். மேசைக்கு அடியில் அவள் தொடையைக் கிள்ளினேன், அப்போதும் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். விளையாட்டு வினையாகும் என்பார்கள். அன்றைக்கு என் கண் முன்னால் ஆனது.

சிரிப்பு ஓய்ந்ததும் நான் விடவில்லை. மெஷினைப் பார்க்க வேண்டும் என்றேன். எல்லாரும் எழுந்து கிடங்குக்கு வந்தோம். பானா காப்யா நாற்காலியில் உட்கார்ந்தாள். சோதனைக்கு ஒரு ஆர்டரைத் திறந்தாள், கட்டத்தில் 144 நின்றது. 36 அடித்தாள். பெரிய விசையைத் தட்டினாள்.

36. நாலு போய்விட்டது. சுத்தமாகத் துடைத்துவிட்டது.

அவள் மறுபடி அடித்தாள், மறுபடி 36. வேண்டுமென்றே அதிக எண் அடித்தாள். கீழே எச்சரிக்கை வரி கறுப்புக்கு மேல் பளிச்சென்று வெள்ளையில் வந்து நின்றது, பாட்டியம்மாகூடக் கண்ணாடி இல்லாமல் படிக்கலாம்.

எனக்கு அப்போதுதான் காலையில் பார்த்த பச்சை எழுத்து உறைத்தது.

"இன்னிக்குக் காலையில மாத்தியிருக்காங்க! நேத்து வரைக்கும் வெள்ளைத் திரை. என் மெஷின்லயும் மாறியிருக்கு. ஜெரே, நீ சொல்லு!" என்று கத்தினேன்.

"நிறம் மாத்தினேன் மேடம். வழக்கமா பண்ற வேலைதான்."

"விசை?" என்று சியாமே கேட்டார்.

ஜெரே தரையைப் பார்த்தான். அந்தத் தரையில் என்ன இருந்தது, எனக்குத் தெரியவில்லை.

"விசையை நான் தொடவே இல்ல சார்."

பானா காப்யா அவனை நிமிர்ந்து பார்த்தாள். சண்டை போடுவாள் என்று காத்திருந்தேன். முறைக்காரனைப் பொய்யன் என்று பத்துப் பேர் முன்னால் எத்தனையோ தடவை சொன்னவள்தான். இப்போது நிஜமாகவே சொல்ல வேண்டும், அதற்கு அவளிடம் வார்த்தை இல்லை. சொல்லியிருந்தாலும் சிரித்திருப்பார்கள்.

வேலை நீக்கம். தீர்ப்பில் ஒரு வரி: 'விசாரணையின்போதும் பணியாளர் பொறுப்பின்றிச் சிரித்துக்கொண்டிருந்தார்.' வெள்ளைத் திரை கேட்டவர் சிரிக்கலாம், விசாரிக்க வந்தவள் சிரிக்கலாம். பழி ஓரிடம் பாவம் ஓரிடம். நான் மேல்முறையீடு எழுதினேன், அது ண்டோலாவில் எந்த மேசையில் தூங்குகிறதோ.

அடுத்த ஞாயிறு சர்ச் முடிந்து அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். இருவரும் வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம். தெருமுனையிலிருந்தே சத்தம் கேட்டது.

"ஏ குரங்குக் கூட்டமே! எல்லாரும் மரத்துலேருந்து இறங்கி வாங்க! தீனி வந்திருக்கு!"

ஜெரே. தோளில் ஒரு மூட்டை மக்காச்சோள மாவு. துக்க வீட்டுக்கு முறைக்காரன் வருகிற மாதிரியே வந்தான். தெருப் பெண்கள் சிரித்துக்கொண்டு வேலியோரம் கூடினார்கள். வீட்டைச் சோதனை போட்டதிலிருந்து இந்த வாசலைப் பார்த்து யாரும் சிரித்திருக்கவில்லை.

பானா காப்யா கீரையை வைத்தாள். துணியை இடுப்பில் சரியாகக் கட்டிக்கொண்டு எழுந்தாள். அவனுக்கு முன்னால் போய், தரையில் மண்டியிட்டு, தலையைக் குனிந்து, மெல்லக் கை தட்டினாள். மாமனாருக்குச் செய்கிற மரியாதை அது.

"வாங்க ஐயா. வீட்டுல எல்லாரும் சுகமுங்களா?"

ஜெரேயின் சிரிப்பு பாதியில் நின்றது. "என்னடி இது? குரங்குக்குக் கும்பிடு போட யாரு சொல்லித் தந்தது?"

"உக்காருங்க ஐயா. காப்யா, ஐயாவுக்கு நாற்காலி கொண்டு வாம்மா. கை கழுவத் தண்ணி கொண்டு வா."

வீட்டிலிருந்த ஒரே நல்ல நாற்காலி வந்தது. அவன் மூட்டையை இறக்கிவிட்டு உட்கார்ந்தான். அவள் தரையில் உட்கார்ந்தாள். அவன் இன்னொரு கேலி பேசிப் பார்த்தான். "ஆமாங்க ஐயா" என்றாள். இன்னொன்று சொன்னான். "நீங்க சொன்னா சரிங்க" என்றாள். தண்ணீரைக் கையில் ஊற்றினாள், துண்டை நீட்டினாள். எனக்கே உடம்பு கூசியது.

அவன் குரல் இறங்கியது. "விசையை நான்தான் மாத்தினேன். அன்னிக்குக் காலையில. உனக்கு உதவியா இருக்கும்னுதான் முதல்ல நினைச்சேன், சத்தியமா. அப்புறம் அந்தம்மா எதிர்ல நின்னப்ப... அத்தனை நாள் நான் சரி பண்ணலேன்னு ஆயிடும்ல? வாய் வரல."

"நாளைக்குத் திங்கக்கிழமை. நேரா சியாமேகிட்ட போய் இதையே சொல்லு" என்றேன்.

"என் வேலை போயிடும் நமுகோலோ. எனக்கு மூணு பிள்ளைங்க."

"அவ பெத்தது மட்டும் குரங்குக் குட்டியா?"

எனக்கு அப்படிச் சொல்ல முறை கிடையாது. தெரிந்துதான் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

ஜெரே அவள் பக்கம் குனிந்தான். கண் கலங்கியிருந்தது. "திட்டிடு. வேற எதுவும் வேணாம். எலி தின்னின்னு ஒரே ஒரு தடவை திட்டிடு, நான் போயிடறேன்."

"உங்களை அப்படியெல்லாம் பேசலாமுங்களா ஐயா?" என்றாள் பானா காப்யா. குரலில் கோபம் இல்லை, தேன் ஒழுகியது. "அப்படிப் பேச நமக்குள்ள என்ன உறவு இருக்குதுங்க?"

ஜெரே கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு எழுந்தான். அவளும் எழுந்து, மூட்டையை மகளோடு சேர்ந்து தூக்கி, அவன் தோளில் பதமாக ஏற்றிவிட்டாள். "பார்த்துப் போங்க ஐயா" என்று மறுபடி மண்டியிட்டுக் கை தட்டினாள். கொண்டுவந்த மூட்டையைச் சுமந்துகொண்டு ஜெரே வேலியைத் தாண்டித் தெருவில் இறங்கினான். அங்கே காத்திருந்த பெண்கள் அவன் மூட்டையோடு திரும்புவதைப் பார்த்தார்கள். இதுவும் பெம்பாக்காரியின் கேலிதான் என்று நினைத்து, விழுந்து விழுந்து சிரித்தார்கள்.